முப்பத்தாறு பேருக்கு ஒரே வீட்டுக்காரம்மா

நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இப்போது இருக்கும் பிரகாஷ், போன ஜனவரியில் போன் செய்தான். "மேடம், இந்த வருஷம் ப்ரூஃப் குடுத்தவங்க மொத்தமே பன்னெண்டு பேர்தான். மத்தவங்க எல்லாம் புது வரி முறைக்குப் போய்ட்டாங்க. வாடகை ரசீதும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணே நாள்ல வேலை முடிஞ்சிது" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருடம் ஜனவரி மாதம் என்றாலே எனக்குச் சோறு இறங்கியதில்லை. பிறகு அவன் கேட்டான்: "நோட்டீஸ் போர்டுல மாதிரிப் படிவம் ஒட்டக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கே மேடம், அது எதுக்கு? யாரைக் கேட்டாலும் சிரிக்கறாங்களே தவிர சொல்ல மாட்டேங்கறாங்க." அந்த ரூல் வந்ததற்குக் காரணமே நான்தான். மழுப்பிவிட்டு போனை வைத்தேன். பிறகு மனசு கேட்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தொழிற்சாலை அது. பெயர் வேண்டாம். டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைம் ஆபீஸில் மூன்று வருடம் வருகைப் பதிவேட்டோடு மாரடித்தேன். பிறகு சம்பளப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே என் வேலை, ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலும் மாதாமாதம் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்று பார்ப்பது. வரிச் சலுகை வேண்டுமானால் இன்சூரன்ஸ் ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக்கடன் சான்று, வாடகை ரசீது என்று அவரவர் ஜனவரியில் ஆதாரம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்களுக்கு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சம்பளத்தில் பெரிய வெட்டு விழும். அந்த இரண்டு மாதமும் என் மேஜைக்கு எதிரே ஆயிரத்தெட்டு கேள்வியோடு வரிசை நிற்கும். எத்தனை பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேனோ அத்தனை பேரிடம் எரிந்தும் விழுந்திருக்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் கிருபாகரன் சார், கணக்கு அதிகாரி, ராயபுரத்துக்காரர். சத்தம் போட்டே பேச மாட்டார். அவரிடம் ஒரு மரஸ்கேல் இருந்தது. எந்தத் தாளை நீட்டினாலும் அதை முதல் வரியின் அடியில் வைத்துப் படிப்பார், "ம்" என்பார், அடுத்த வரிக்கு இறக்குவார். ஸ்கேல் இறங்கிக்கொண்டே போனால் பிழைத்தோம். எங்காவது நின்றுவிட்டால் தொலைந்தோம். நிமிர்ந்து பார்க்காமலே, "இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்பார். ஒரு எண்ணைக் காட்டி அவர் அப்படிக் கேட்டால் அது வந்த தாளைக் காட்ட வேண்டும். அந்தத் தாளைக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்பார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும். வாடகைப் படிவங்கள் நானூறுக்கு மேல் வரும் என்பதால் அவற்றில் மட்டும் நூற்றுக்குப் பத்து எடுத்துப் பார்ப்பார். மீதியைப் பார்க்க வேண்டியவள் நான்.

வாடகையில்தான் எப்போதும் தலைவலி. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் நம்பரைப் படிவத்தில் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த ஓனர் கொடுப்பார்? "பான் கேட்டா வூட்டக் காலி பண்ணுன்றான் மேடம்" என்று பாதிப் பேர் வந்து நிற்பார்கள். மீதிப் பேர் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டு நீட்டுவார்கள். நான் திருப்பி அனுப்புவேன். திரும்பவும் வெறுமனே வரும்.

எனக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை. திருவொற்றியூரில் தனலட்சுமி அக்காவின் வீட்டு மாடியில் நானும் என் வீட்டுக்காரரும் குடியிருந்தோம். கருவாட்டு வியாபாரம் செய்து ஒற்றை ஆளாகக் கட்டிய வீடு. அதில் அக்காவுக்கு அவ்வளவு பெருமை. பான் நம்பர் கேட்டதும், "இந்தா, இதுல இன்னா கீது" என்று கார்டையே கையில் கொடுத்தவள். மாத வாடகை பன்னிரண்டாயிரம், பேங்க் வழியாகவே போட்டுவிடுவேன்.

ஒரு ஜனவரியில் எரிச்சல் தாங்காமல் என்னுடைய படிவத்தையே பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து, கேன்டீன் பக்கத்துக் கண்ணாடி போர்டில் ஒட்டினேன். கம்பெனி பெயர், கம்பெனியின் வரி எண், வாடகை, ஓனர் பெயர், ஓனர் பான் எல்லாம் பளிச்சென்று தெரியும். கீழே சிவப்பு மையில், "இதைப் பார்த்து நிரப்பவும்" என்று எழுதினேன். அந்த வருடம் படிவங்கள் ஒரு கட்டம்கூட காலியில்லாமல் வந்தன. கிருபாகரன் சார், "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு அது. வீட்டில் இரண்டு தடவை சொன்னேன்.

கட்டம் நிரம்பியிருக்கிறதா, பானுக்குரிய பத்து எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். என்ன பத்து எழுத்து என்று பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை வெளியே கொடுத்திருந்தோம். அவர்கள் இருப்பதை அப்படியே ஏற்றினார்கள். கம்பெனியின் வரிப் பிடித்தம் காட்டும் அறிக்கையோடு அது வருமான வரித் துறைக்குப் போய்விட்டது.

அடுத்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அக்காவின் மகன் மாரி மாடிப்படி அதிர ஏறி வந்தான். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். அம்மாவோடு கீழ் வீட்டிலேயே மனைவி பிள்ளைகளோடு இருந்தான். அம்மாவுக்குப் பான் கார்டு வாங்கியபோது தன் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தான், அதனால் வருமான வரித் துறையின் நோட்டீஸ் அவனுக்கு வந்திருந்தது. பிரின்ட் எடுத்த தாள்களை என் கையில் திணித்தான்.

"வசந்தாக்கா, நீங்க படிச்சவங்க. இத்தப் பாருங்க. எங்கம்மா ஒரே வருஷத்துல அம்பத்திரெண்டு லட்சம் வாடகை வாங்கிகீதாம். பதினஞ்சு நாள்ல பதில் சொல்லணுமாம்."

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்த அக்கா, "நைனா, மாடிக்கு வர்ற பன்னெண்டாயிரத்த வுட்டா எனக்கு இன்னா வாடகைடா கீது?" என்றாள்.

"சர்க்காரு பொய் சொல்லுமா? மீஞ்சூர்ல தங்கச்சி மனை வாங்கிச்சே, அதுக்குத் துட்டு எங்கேருந்து வந்துச்சி? இப்பதான் தெரியுது."

அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் இணைப்புத் தாளைப் புரட்டினேன். வாடகை கொடுத்தவர்கள் என்று முப்பத்தேழு வரி. மேலே எங்கள் கம்பெனியின் பெயர். முதல் பெயர் ஏழுமலை, ஃபிட்டர். அடுத்தது வெல்டர் ஒருவர். எல்லாம் எனக்குத் தெரிந்த பெயர்கள். கடைசி வரியில் நான். அந்த நிமிடமே புரிந்துவிட்டது. தாளை நான்காக மடித்துக்கொண்டேன்.

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்க்கா. நான் பாக்கறேன்" என்றேன்.

அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரியது. நான்கு நாள் வாயைத் திறக்கவில்லை. மெமோ கொடுப்பார்களா, கிராஜுவிட்டியில் கை வைப்பார்களா, முப்பத்தாறு பேர் வாயில் விழுந்து எழ வேண்டுமா என்று என்னைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் பழைய படிவங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு கையெழுத்தில் அக்காவின் நம்பர். ஓனர் பெயர் மட்டும் அவரவர் ஓனருடையது. புதன்கிழமை மாரி மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். அன்று கீழ் வீட்டில் உலை வைக்கவில்லை. அந்த நாட்களில் தினமும் காலையில் அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல பாத்தியா வசந்தா?" என்பாள். "பாத்துட்டே இருக்கேன்க்கா" என்பேன். "வூட்டுக்கு சீல் வெப்பாங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். நோட்டீஸ் தண்டனை இல்லை, கேள்விதான், கெடுவுக்குள் பதில் சொன்னால் போதும் என்று விளக்கினேன். அவ்வளவு தெளிவாக விளக்கத் தெரிந்த எனக்கு உண்மையைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் காபி கொண்டுவந்தபோது அக்காவின் காது மூளியாக இருந்தது. கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள். ஜெராக்ஸ் கடையில் ஒரு புரோக்கர், நாற்பதாயிரம் கொடுத்தால் எல்லாவற்றையும் செட்டில் செய்துவிடுவதாக மாரியிடம் சொல்லியிருக்கிறான். அடகு வைக்கச் சேட்டுக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குத் துட்டு குடுக்காதீங்கக்கா. தப்பு என்னுது" என்றேன். போர்டு, படிவம், சிவப்பு மை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையே."

"நாலு நாளா தெரிஞ்சிக்கினே, என் கையால காப்பி வாங்கிக் குடிச்சிகினு இருந்தியா?"

அழுதேன். அவள் அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, கண்ணாடி பார்க்காமலே கம்மலை மாட்டிக்கொண்டு, "போ, போய் உன் ஆபீசர்கிட்ட சொல்லு" என்றாள். பதினோரு நாள் மிச்சமிருந்தது.

கிருபாகரன் சார் மேஜையில் நோட்டீஸையும் படிவங்களையும் வைத்தேன். ஸ்கேலை எடுத்தார். முதல் படிவம், "ம்". இரண்டாவது, "ம்". மூன்றாவதில் ஸ்கேல் நின்றது.

"இந்த நம்பர் எங்கேருந்து வந்தது?"

"போர்டுலேருந்து சார்."

"போர்டுக்கு எங்கேருந்து வந்தது?"

"எங்க வீட்டுலேருந்து சார்."

ஸ்கேலைக் கீழே வைத்தார். "ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கக் கூடாதா நீ?" என்று நோட்டீஸைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு ஓய்வுபெற இரண்டு மாதம்தான் இருந்தது. அவரும் பயந்துதான் இருந்தார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்னும் கலக்கமாகத்தான் இருந்தது. "அந்தம்மா எனக்கு இந்த வாடகை வரலன்னு ஒரு பதில் போடட்டும். அதோட..." என்று இழுத்தார்.

"சார், அவங்க ஒருத்தங்க இல்லன்னு சொல்வாங்க. முப்பத்தாறு பேர் ஆமான்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. யாரை நம்புவாங்க?"

ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தார். பிறகு, "அறிக்கையில கையெழுத்து என்னுது. மொத லெட்டர் நான் எழுதறேன்" என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசி வரை திட்டவில்லை. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். நடந்ததை ஒப்புக்கொண்டு கம்பெனியின் கடிதம். துறைக்குப் போன அறிக்கைக்குத் திருத்த அறிக்கை. முப்பத்தாறு பேரிடமும் தனித்தனியாக, இந்த நம்பர் என் வீட்டு உரிமையாளருடையது அல்ல என்று கைப்பட எழுதி வாங்குவது. அக்காவின் பாஸ்புக் நகலும், நான் வாடகை அனுப்பிய பேங்க் விவரமும் அதோடு போக வேண்டும்.

கேன்டீனில் ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்றேன். வெல்டர் சொன்னதை மறக்கவே முடியாது. "அது கம்பெனி நம்பர்னு நெனச்சேன் மேடம். மேல கம்பெனி பேரு, கம்பெனி நம்பரு, எல்லாத்தியும் போர்டுல கீற மாதிரியே எழுதுனோம். இது மட்டும் மாத்தணும்னு எங்களுக்கு இன்னா தெரியும்?" எல்லாப் படிவத்திலும் பொதுவாக வரும் எண்களில் இதுவும் ஒன்று என்று நினைத்திருக்கிறார்கள். நினைக்காமல் இருக்க நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. சொந்த வீட்டில் இருந்துகொண்டு வாடகை ரசீது கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள்தான் சத்தமில்லாமல் முதலில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் முப்பத்தைந்து கடிதம் வந்துவிட்டது.

ஏழுமலை மட்டும் மாட்டேன் என்றான். காலடிப்பேட்டையில் உண்மையாகவே வாடகைக்கு இருப்பவன். ஓனர் பான் கொடுக்காததால் போர்டைப் பார்த்து எழுதியவன்.

"மாசம் பதினோராயிரம் எண்ணி வெக்கறேன் மேடம். அது பொய்யா? இப்ப எழுதிக் குடுத்தா வரியும் கட்டணும், அதுக்கு மேல அபராதம் மாதிரி இன்னொரு கால் பங்கும் கட்டணும்."

"உன் பங்கை நான் கட்டிடறேன் ஏழுமலை."

"துட்டப் பத்தியா பேசறேன்? என்னைப் பொய்யன்னு என் கையாலயே எழுதித் தரச் சொல்றீங்க!" என்று தட்டோடு எழுந்து போய்விட்டான். அவன் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் என்னை வாட்டியது.

கெடுவுக்கு முந்தைய நாள் மதியம், ஷிப்ட் விடும் நேரம், செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கேட்டுக்கு வெளியே, கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற சாலையோரத்தில், தனலட்சுமி அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கடிதம் பாக்கி என்று முந்தின நாள் நான்தான் சொல்லியிருந்தேன். என்னைக் கண்டுகொள்ளாமல், வெளியே வருகிறவர்களிடம் "ஏழுமலை யாருப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பைக்கை நிறுத்தினான்.

"நைனா, நீ என்னிக்காவது என் வூட்ல குடியிருந்தியா?"

"இல்லம்மா."

"அத்த மட்டும் எழுதிக் குடு. நீ வாடகை குடுக்கறதும் குடுக்காததும் உன் விசயம். அத்த நான் கேக்கல."

ஏழுமலை பைக்கை விட்டு இறங்கினான். பிறகு என்னிடம் பேனா கேட்டான். பைக் சீட்டின் மேல் தாளை வைத்து எழுதினான். 'நான் காலடிப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறேன். இந்த அம்மா என் வீட்டுக்காரம்மா இல்லை.' இரண்டே வரி. கிருபாகரன் சார் அதற்கும் ஸ்கேல் வைத்துப் படித்தார். மற்ற முப்பத்தைந்தைவிட இது நன்றாக இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை பத்தரைக்குப் பதிலை அனுப்பினோம். அதன்பின் இரண்டரை மாதம் காத்திருந்தோம். அந்த நாட்களில் தொழிலாளர்கள் ஒவ்வொருவருக்கும் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்ய உதவினேன். அப்போது அவர்களிடம் தொண்டை வறளச் சொன்னதைப் பிரகாஷுக்கும் சொல்கிறேன். பான் ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் மேலேயே எதற்காக, யாருக்கு என்று எழுதிக் கொடுங்கள். வாடகையை பேங்க் வழியாகக் கொடுங்கள். பெற்ற அப்பாவுக்கே கொடுத்தாலும் சரி, உண்மையில் கொடுத்திருக்க வேண்டும், அவரும் அதைத் தன் கணக்கில் காட்ட வேண்டும். வருமான வரித் தளத்தில் நம் பெயரில் யார் என்ன தகவல் ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு தடவையாவது திறந்து பாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத அம்மா பெயரில் பான் இருந்தால் அவருடையதையும் பாருங்கள். எந்தப் புரோக்கருக்கும் ஓடிபி சொல்லாதீர்கள். புது முறையில் இந்த ரசீதுகளுக்கு வேலையில்லை என்பது சரிதான், ஆனால் பான் நம்பர் இன்னும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கிருபாகரன் சார் நிம்மதியில்லாமலே ஓய்வுபெற்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது, ஒரு வருட இன்கிரிமென்ட் போனது. வலித்தது, ஆனால் நியாயம்தான் என்று வாங்கிக்கொண்டேன். போர்டில் மாதிரிப் படிவம் ஒட்டக் கூடாது என்ற சுற்றறிக்கையை என்னையே டைப் செய்யச் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை உத்தரவு வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, மேல் நடவடிக்கை இல்லை. பிரின்ட் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். நான் போன் செய்திருந்ததால் மாரியும் வந்திருந்தான். நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை படித்தான். திரும்பவும் ஒரு தடவை படித்தான்.

"சரிம்மா. எல்லாம் கிளியர் ஆயிடிச்சி. சோறு போடு" என்று உட்கார்ந்தான்.

அக்கா தட்டு வைத்தாள், சோறு போட்டாள். குழம்புச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சர்க்காருக்கு என்னைத் தெரியாது. பேப்பரு கேட்டுச்சி, குடுத்தேன். உனக்கு நான் யாருன்னு தெரியும் இல்ல? நீ எதுக்குடா பேப்பரு வர்ற வரைக்கும் காத்துகினு இருந்த?"

மாரி வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில், "குழம்பு ஊத்தும்மா" என்றான். ஊற்றினாள். பிறகு எனக்கும் ஒரு தட்டு வைத்து, அவன் எதிரே உட்காரச் சொன்னாள். இருவருக்கும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். அன்றைக்கு அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.